பாண்டிச்சேரி ராஜாவும் நம்ம ஊர்க் கருடனும்

இந்த எபிசோடு வேட்டைப் பறவைகளைப் பற்றி. ஆப்பிரிக்கப் புல்வெளி, ஸ்லோமோஷன், பின்னணியில் கனமான குரல் எல்லாம் கிடையாது. பேசப்போறது ரெட்டியார்பாளையத்து மேல பறக்கிற பறவைகளைப் பற்றியும், பறக்காம போன ஒரு பறவையைப் பற்றியும்.

1782-ல் பாரிஸில் ஒரு பயண நூல் வெளியானது. எழுதியவர் பியர் சொன்னரா. 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா பக்கம் சுற்றிய பிரெஞ்சு இயற்கையாளர். அந்த நூலில் அவர் ஒரு கழுகை விவரிக்கிறார். கருத்த உடம்பு, முடியே இல்லாத சிவந்த தலை, காதுக்குப் பின்னால் தொங்கும் சிவந்த தோல். அவர் வைத்த பேரைத் தமிழில் சொன்னால் ‘பாண்டிச்சேரியின் ராஜ கழுகு’. நம்ம ஊர் பேரில் ஒரு ராஜா இருந்திருக்காரு, பள்ளிக்கூடத்துல யாரும் நமக்குச் சொல்லல.

இதுக்கு முன்னாடியே இன்னொரு பறவைக்கும் நம்ம ஊர் பேர் போயாச்சு. 1760-ல் பிரிஸ்ஸோன் என்ற பிரெஞ்சு அறிஞர் தன்னுடைய பறவையியல் நூலில் ‘பாண்டிச்சேரிக் கழுகு’ன்னு ஒன்றை எழுதினார். செங்கல் நிற உடம்பு, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. கண்டுபிடிச்சிருப்பீங்க. கருடன், செம்பருந்து, கிருஷ்ணப் பருந்துன்னு நாம பல பேர்ல கூப்பிடுற அதே பறவை. பாட்டிமார் பார்த்ததும் கன்னத்துல போட்டுக்குவாங்களே, அதேதான்.

அந்த 1760-ஐக் கொஞ்சம் கவனிங்க. அதே வருடம் செப்டம்பரில் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிடத் தொடங்கியது. அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் நமக்கு மேற்கே இருக்கிற வில்லியனூர் கோட்டை அவங்க கைக்குப் போயிருந்தது. உள்ளே பட்டினி. 1761 ஜனவரியில் லாலி சரணடைந்தார், ஊரை ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளினாங்க. பாரிஸில் ஒருத்தர் ஒரு பறவைக்குப் பாண்டிச்சேரின்னு பேர் வைக்கிறார், இங்கே பாண்டிச்சேரியே தரைமட்டமாகுது. பேர் அச்சுல ஏறின வேகத்துல ஊர் காணாம போச்சு.

சரி, பேர் வைச்ச பெருமை இவங்க ரெண்டு பேருக்கும் போச்சான்னா, போகல. உயிரினங்களுக்கு லத்தீனில் ரெண்டு சொல் பேர் வைக்கணும், அப்பதான் கணக்குல வரும். லின்னேயஸ் கொண்டுவந்த முறை அது. இவங்க ரெண்டு பேருமே இந்தப் பறவைகளுக்கு அப்படி வைக்கல. 1783-ல் பொடார்ட் என்ற டச்சுக்காரர் செம்பருந்துக்கு ‘இண்டஸ்’ என்று வைத்தார். 1786-ல் ஸ்கோபோலி என்பவர் நம்ம ராஜ கழுகுக்கு ‘கால்வஸ்’ என்று வைத்தார். லத்தீனில் வழுக்கைன்னு அர்த்தம். ராஜா ஒரே நாள்ல மொட்டையாயிட்டார். ஸ்கோபோலி உட்கார்ந்திருந்தது இத்தாலியில், சொன்னராவின் நூலைக் கையில் வைச்சுக்கிட்டு. யாரோ எழுதின கோடை எடுத்து, ஃபார்மட் மட்டும் சரிபண்ணி, தன் பேர்ல கமிட் போடுற ஆளை நீங்க ஆபீஸ்ல பார்த்திருப்பீங்க. இன்னைக்கும் அந்தப் பறவையின் அறிவியல் பேருக்குப் பக்கத்துல ஸ்கோபோலி பேர்தான் நிக்குது. சொன்னராவே காணோம். அந்தப் பறவையை முதல்ல காட்டிக்கொடுத்த உள்ளூர்க்காரர் இருந்திருந்தா அவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒன்று மட்டும் மிச்சம். ரெண்டு பறவைக்கும் ‘மூல இடம்’ என்ற காலத்தில் அறிவியல் பட்டியல்கள் இன்றும் பாண்டிச்சேரி என்றே போடுகின்றன.

சொன்னரா சொன்னதை நம்பலாமா? நியாயமான கேள்வி. ஏன்னா இந்த மனுஷன் நியூ கினிக்குப் போகாமலே ‘நியூ கினிப் பயணம்’ என்று 1776-ல் ஒரு நூல் போட்டவர். அதில் பென்குயின்கள் நியூ கினியில் இருக்குன்னு எழுதிட்டார். நியூ கினி பூமத்திய ரேகைக்குப் பக்கம். அங்கே ஏது பென்குயின்? ஆனா அதை நம்பி ஒரு பென்குயினுக்கு ‘பாப்புவா’ன்னு அறிவியல் பேர் வைச்சாங்க, விதிப்படி அதை மாத்த முடியாம இன்னைக்கும் அப்படியே ஓடுது. ப்ரொடக்‌ஷன்ல போன தப்பான டேட்டாவுக்கு இருநூத்தம்பது வருஷ ஆயுசு. ஆனா பாண்டிச்சேரி விஷயம் வேற. இங்கே அவர் நிஜமாவே இருந்தார். செந்தலைக் கழுகும் இந்த நிலத்துப் பறவைதான்.

அதுக்கு நம்மகிட்டயே இன்னும் பழைய சாட்சி இருக்கு. சங்கப் பாடல்களில் ‘எருவை’ன்னு ஒரு பிணந்தின்னிப் பறவை வரும். பாலை நிலம், வழிப்பறியில் செத்துக் கிடக்கும் மனுஷர், மேலே எருவை. அதுக்குக் காது சிவப்புன்னு அகநானூற்றில் ஒரு புலவர் குறிச்சிருக்கார். செந்தலைக் கழுகின் காதோரம் தொங்கும் அந்தச் சிவந்த தோலை ஒரு தடவை போட்டோவில் பாருங்க, அவர் எதைப் பார்த்தார்னு எனக்குச் சந்தேகமே வரல. சங்க இலக்கியப் பறவைகளை அடையாளம் காண ஒரு முழு நூலே எழுதினவர் பி.எல். சாமி. அவரும் புதுச்சேரி அரசில் வேலை பார்த்த அதிகாரிதான். ஃபைல் பார்க்கிற நேரம் போக இந்த வேலை.

இப்ப வேட்டைக்கு வருவோம். ஏன்னா எந்தப் பறவை ஊரில் தங்குச்சு, எது போச்சுங்கிற கேள்விக்குப் பதில், அது எப்படிச் சாப்பாடு தேடுதுங்கிறதுலதான் இருக்கு.

வேட்டைப் பறவைன்னதும் எல்லாரும் வளைஞ்ச அலகைத்தான் பார்ப்பாங்க. உண்மையில் பெரும்பாலும் கொலை நடப்பது காலில். விரல்களை மடக்கும் தசைநாணில் வரிவரியாகப் புடைப்புகள் இருக்கும், அதைச் சுற்றியுள்ள உறையில் அதுக்கு ஏற்ற மடிப்புகள். இரையின் கனம் அழுத்தும்போது ரெண்டும் கோத்துக்கொள்ளும். கேபிள் டை மாதிரி இறுக்கினா இறுகினதுதான். பறவை தன் தசை பலத்தைச் செலவழிக்காமலே பிடி நிக்கும். அலகு அதுக்கு அப்புறம் வரும் கத்தி, அவ்வளவுதான்.

நம்ம தெருவிலேயே இதைச் செய்யும் ஆள் வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். ரெட்டியார்பாளையத்தில் இப்ப அப்பார்ட்மென்ட் நிறைய வந்தாச்சு, ஆனா நடுநடுவே ஒரு வேப்பமரம், ஒரு காலி மனை, கொஞ்சம் புதர் மிச்சம் இருக்கு. வல்லூறுக்கு அது போதும். குட்டையான, வட்டமான இறக்கை, நீளமான வால். கிளைகளுக்கு நடுவே சட்டுனு திரும்ப வசதியான உடம்பு. இலை மறைவில் அசையாம உட்காரும். ஓணானோ அணிலோ சிட்டோ கண்ணில் பட்டா ஒரே பாய்ச்சல், சில நொடிதான். தவறினா துரத்தாது, திரும்பி உட்கார்ந்துக்கும். தெருவில் மைனாவும் தவிட்டுக்குருவியும் திடீர்னு கூச்சல் போட்டா நாய்ன்னு நினைக்காதீங்க, அண்ணாந்து மரத்தைப் பாருங்க.

இதுக்கு நேர் எதிர் பைரி. குளிர்காலத்தில் கடலோரத்துக்கு வந்து போகும். அதுக்கு மறைவு வேண்டாம், உயரம் வேண்டும். மேலே ஏறி, இறக்கையை மடிச்சு, பறந்துக்கிட்டிருக்கிற பறவை மேல விழும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். அந்த வேகத்துல காத்து கண்ணைக் காயவைக்காம இருக்க, மூணாவது இமை ஒண்ணு கண்ணை மூடித் துடைக்கும். வானத்துல சின்னதா இறகு வெடிச்ச மாதிரி தெரியும், அடி விழுந்தாச்சுன்னு அர்த்தம். பிடிச்ச இரை இன்னும் உயிரோட இருந்தா கழுத்தைக் கடித்து முடிக்கும். அதுக்குன்னே மேல் அலகில் பல் மாதிரி ஒரு முனை உண்டு.

மேற்கே ஊசுட்டேரிக்குப் போனா வேற முறை. பனிக்காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து வரும். கோரைக்கு மேல ஆளுயரத்துல, இறக்கையை லேசா மேல தூக்கி, மெதுவா வயல் அளக்கிற மாதிரி போய்க்கிட்டே இருக்கும். பூனைப்பருந்து இனத்துக்கு ஆந்தை மாதிரி முகத்தைச் சுத்தி ஒரு இறகு வளையம் இருக்கு, ஒலியைச் சேர்த்துக் காதுக்குக் கொடுக்க. கோரைக்குள்ளே எலி நகர்ற சத்தம் கேட்டா அப்படியே உள்ளே இறங்கிடும்.

நம்ம 1760 ஹீரோ கருடன் இவங்க அளவுக்குத் தைரியசாலி இல்லைன்னு சொன்னா பாட்டி கோவிச்சுக்குவாங்க. ஆனா அதுதான் உண்மை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகு வந்து வலை உதறும் நேரத்தில் பாருங்க. தண்ணிக்கு மேல தாழ்வா வந்து, முங்காம, மேலே மிதக்கும் மீனைக் காலால் அள்ளிக்கிட்டுப் போகும். பாதி நேரம் அது செத்த மீன். பறந்துக்கிட்டே குனிஞ்சு காலில் இருப்பதைத் தின்னும். நண்டு, தவளை, மழைக்கு முன்னாடி கிளம்பும் ஈசல், அடுத்த பறவையோட வாயில இருப்பது, எதுவும் விலக்கல்ல. கூட்டாளி கள்ளப்பருந்தும் அதே ரகம். கோழிக்கடை வாசல் குப்பையில் இருந்து குடலை ஒரே இழுப்பில் தூக்கும்போது எந்த வாகனமும் அதைத் தொடாது. பைரி அளவுக்கு வீரம் கிடையாது, ஆனா மெனு பெருசு. ஊரில் வாழ மெனு பெருசா இருக்கணும்.

இப்ப நம்ம ராஜா. வேட்டைப் பறவைக் குடும்பத்துலயே பிறந்து, வேட்டையை ஏறக்குறைய விட்டுட்டவர். காலைப் பாருங்க, நகம் மழுங்கல், பிடி பலவீனம், நடக்கத் தோதான பாதம். எதையும் தூக்கிக்கிட்டுப் பறக்க முடியாது. குஞ்சுக்குக் கூட வயித்துல நிரப்பிக்கிட்டுப் போய்க் கக்கித்தான் ஊட்டணும். ஆனா மேலே? காத்து சூடாகி எழும்பும் தூணில் ஏறிக்கிட்டா இறக்கையை அசைக்காம மணிக்கணக்கில் மிதக்கலாம். ஒரு நாள்ல பல பத்து கிலோமீட்டர் சுத்தலாம், செலவு சொற்பம். தேடுவது முழுக்கக் கண்ணால். அமெரிக்கக் கழுகு ஒன்று மோப்பம் பிடிக்கும், நம்ம பக்கத்துக் கழுகுகளுக்கு அது இல்ல. வெண்முதுகுப் பாறுகள் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டே பறக்கும். ஒண்ணு இறங்கினா பக்கத்தில் இருப்பது பார்க்கும், அதைப் பார்த்து அடுத்தது. கொஞ்ச நேரத்துல ஒரு மாட்டைச் சுத்திப் பெரும் கூட்டம். செந்தலைக் கழுகு அப்படிக் கூட்டம் சேராது. தனியாகவோ ஜோடியாகவோ சுத்தும். சின்ன உடலானாலும் இறங்கும். கூட்டம் வந்ததும் ஓரமா ஒதுங்கிக்கும். ராஜான்னு பேர், பந்தியில கடைசி இலை.

‘பாறு’ன்னு சொன்னேன் இல்லையா, அது பிணந்தின்னிக் கழுகுக்குப் பழைய தமிழ்ச் சொல். இப்ப கழுகுப் பாதுகாப்பில் இருப்பவர்கள் அதை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்காங்க. செந்தலைக் கழுகுக்குச் செம்முகப் பாறு. கழுகுன்னு பொதுவா சொன்னா வேட்டையாடுவதும் பிணம் தின்பதும் ஒரே பேர்ல குழம்பிடும் என்பதால் எனக்கு இந்தச் சொல் பிடிக்கும்.

பாறின் தொழில் ரொம்ப ரிஸ்க் கம்மியான தொழில் மாதிரித் தெரியும். சண்டை இல்ல, அடிபடுவது இல்ல, மாடு சாகுறது எந்தக் காலத்திலும் நிக்காது. அதனாலேயே அது வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானே கூடு கட்ட அஞ்சாறு வருஷம் ஆகும். நீண்ட ஆயுளை நம்பிப் போட்ட டிசைன். பெரிய பறவை ஒண்ணு செத்தா அந்த இடத்தை நிரப்ப ஆளே வராது.

1990-களில் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. நம்ம முதுகுவலிக்குத் தடவுறோமே, அதே மருந்து. விலை குறைவு, வலி உடனே அடங்கும், மாட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனா மருந்து போட்ட சில நாளில் அந்த மாடு செத்து, அதை ஒரு பாறு தின்றால் அதன் சிறுநீரகம் நின்று போகும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல சுண்ணாம்பு பூசின மாதிரிப் படியும். சில நாளில் சாவு. நாட்டின் பல மூலைகளில் கழுகுகள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து விழுந்தபோது முதலில் வைரஸ்னுதான் தேடினாங்க. காரணம் மருந்துதான்னு பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-ல் நேச்சர் இதழில் வெளியானது, லிண்ட்சே ஓக்ஸ் குழு. செத்துக் கிடக்கும் மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று அடுத்து வந்த கணக்கு சொன்னது. கூட்டமா தின்னும் பழக்கத்தின் விலை அது. ஒரு மாடு, ஒரு முழுக் கூட்டம்.

வெண்முதுகுப் பாறு 1992-லிருந்து 2007-க்குள் இந்தியாவில் 99 சதவீதத்துக்கு மேல் போச்சு. தனியா ஒதுங்கித் தின்னும் செம்முகப் பாறும் தப்பல, 2003-க்குள் சுமார் 91 சதவீதம் சரிவு. 2007-ல் அழிவின் விளிம்புப் பட்டியலில் சேர்த்தாங்க. திருக்கழுக்குன்றத்தில் மலை மேல் தினமும் வந்து குருக்கள் கையால் சோறு வாங்கித் தின்ற மஞ்சள்முகப் பாறுகளும் 1990-களோட வர்றதை நிறுத்திடுச்சு. நம்ம ஊரிலிருந்து ரெண்டு மணி நேரம்தான் அந்த ஊர். இப்ப ஊர்ப் பேரில் மட்டும் கழுகு.

இது பறவைப் பிரியர்களின் சோகம் மட்டும் இல்ல. பாறு தின்னாத மாடு எங்கே போகும்? நாய் தின்னும், எலி தின்னும், ஆற்றில் அழுகும். 2024-ல் அயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கணக்கு போட்டாங்க. கழுகு அதிகமா இருந்து அழிஞ்ச மாவட்டங்களையும், முதலிலிருந்தே கழுகு குறைவா இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டாங்க. 2000 முதல் 2005 வரை கூடுதலா சுமார் 5 லட்சம் மனித மரணங்கள். சம்பளமே வாங்காத ஒரு துப்புரவுத் துறையை அஞ்சு ரூபா ஊசியை வைச்சு மூடியிருக்கோம்.

2006-ல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் தடை. ஆனா மனுஷருக்கான பெரிய பாட்டில் கடையில் கிடைச்சது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. 2015-ல் மனுஷருக்கான ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் விற்கக் கூடாதுன்னு வந்தது. 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டுக்கும் மாட்டுக்குத் தடை. ஒரு ஓட்டையை அடைச்சா இன்னொன்னு, நம்ம செக்யூரிட்டி பேட்ச் கதைதான். பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம்னு மாற்று மருந்து இருக்கு, அதுவும் விலை அதிகமில்ல. வீட்டில் மாடு வைச்சிருக்கிற சொந்தக்காரங்க இருந்தா, டாக்டர்கிட்ட இந்தப் பேரைக் கேட்கச் சொல்லுங்க.

தமிழ்நாட்டில் இப்ப செம்முகப் பாறு பார்க்கணும்னா முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போகணும். பாண்டிச்சேரி ராஜா நீலகிரி அடிவாரத்துல அகதி. அங்கே புலி அடிச்ச மானும், காட்டில் தானே செத்த காட்டெருமையும் கிடைக்குது. அந்த இறைச்சியில் ஊசி மருந்து கிடையாது.

பேர் விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு. 1790-ல் லேதம் என்ற ஆங்கிலேயர் ராஜ கழுகுக்குப் ‘பாண்டிசெரியானஸ்’ன்னு லத்தீன் பேர் வைச்சுப் பார்த்தார். ஸ்கோபோலி நாலு வருஷம் முந்திட்டதால அது செல்லல. ஆனா அதுக்கு முந்தின வருஷம், 1789-ல், க்மெலின் அதே மாதிரிப் பேரை வைச்ச இன்னொரு பறவைக்கு அது நிலைச்சுது. எது தெரியுமா? கவுதாரி. வேலிக்காத்தான் புதரில் ஓடி ஒளியும், ஊரில் எல்லா வேட்டைப் பறவைக்கும் சாப்பாடான அதே கவுதாரி. ராஜாவுக்குக் கிடைக்காத ஊர்ப் பேர் அவர் குடும்பத்தோட மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

கருடனுக்கு அந்த மாதிரி அறிவியல் பேரும் இல்ல. ஆனா ஆள் இங்கேயே இருக்கு. காலை பத்து மணிக்கு மேல, வெயிலில் மாடித் தளமெல்லாம் சூடாகிக் காத்து எழும்ப ஆரம்பிச்சதும், வில்லியனூர் ரோட்டுக்கு மேல ரெண்டு மூணு வட்டம் போட ஆரம்பிக்கும். நிறம் தெரியாத தூரத்தில் இருந்தா வாலைப் பாருங்க. கவட்டை மாதிரிப் பிளந்திருந்தா கள்ளப்பருந்து. விசிறி மாதிரி வட்டமா இருந்தா கருடன்.